ரத்தம் கம்மி: சில குறிப்புகள்

இலங்கை, டிக்கோயா, கிளங்கன் ஆதார வைத்தியசாலை. 150 கட்டில். இந்திய உதவி. 2017 மே 12இல் மோடி வந்து திறந்தது.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பேர்தான். "ரத்தம் கம்மி." இரும்புச்சத்துக் குறைவும் அதுதான். பரம்பரையாக வரும் தலசீமியாவும் அதுதான்.

மயக்க மருந்து டாக்டருக்கு அது போதாது. ஏன் கம்மி?

மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்கியும் ஏறாத ரத்தம். கத்தி வைக்குமுன் ஏன் என்று கேட்டே ஆகவேண்டும்.

உதடு நீலம் பாரிக்க, ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 5 கிராம் வேண்டும். மொத்தமே 6 என்றால்? நீலம் தெரியுமுன் உயிர் போய்விடும்.

விரலில் மாட்டும் கிளிப் 98 காட்டும். இருக்கிற ஹீமோகுளோபின் நிரம்பியிருக்கிறதா, அதை மட்டும் சொல்லும். எவ்வளவு இருக்கிறது, சொல்லாது.

கொழுந்து பறிக்கிற விரல். நுனியெல்லாம் கறை. நகத்தை விட்டுவிட்டுக் கீழ் இமையை இழுத்துப் பார்க்கிறார்கள். வெளுப்பு.

சோறு தின்ற கையோடு சாயத்தண்ணி. பருப்பு, கீரையின் இரும்பைக் குடலில் சேரவிடாமல் தேயிலை பிடித்துக்கொள்ளும்.

கடுமையான தலசீமியா உள்ள பிள்ளை. மண்ணீரல் எடுக்க வந்திருக்கிறது. மயக்க டாக்டர் முதலில் பார்ப்பது வாயை. மஜ்ஜை பெருத்துக் கன்ன எலும்பும் மேல்தாடையும் புடைத்திருக்கும், தொண்டைக்குள் குழாய் லேசில் இறங்காது. வருஷக்கணக்காக ஏற்றிய ரத்தத்தின் இரும்பு இதயத்தில் படிந்திருக்கும். எக்கோ பார்க்காமல் தொடக்கூடாது. எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

தேசிய தலசீமியா மையம் குருநாகலில். மலை இறங்க வேண்டும். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு.

ரத்தம் கம்மியாக்கும் இன்னொரு பரம்பரைக் கோளாறு, கடலுக்கு அந்தப் பக்கம். 1952. ஆய்வாளர்கள் லேமன், கட்புஷ். நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள்போல் வளையும் சிவப்பணு, அரிவாள் அணு. இந்தியாவில் முதல் பதிவுகளில் ஒன்று.

அங்கேயும் தேயிலை. 1968இல் டான்டீ, தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்கள். இங்கிருந்து கப்பலேறியவர்களுக்காகத் தொடங்கியது.

அரிவாள் அணுவுக்குக் குளிர் ஆகாது. உடம்பு விறைத்தாலும், நீர் வற்றினாலும், ஆக்சிஜன் குறைந்தாலும் அணு வளைந்து நாளத்தை அடைக்கும். சேலைனை வெதுவெதுப்பாக்கி ஏற்ற வேண்டும். ஆபரேஷனுக்கு முதல்நாள் பட்டினி என்று வாயைக் காயவிடக்கூடாது.

அடுத்தது ரத்தம் உறையாத ஹீமோபீலியா. உறையும் காரணியை ஏற்றிச் சரிபார்க்காமல் முதுகில் ஊசி இல்லை. தண்டுவடத்தோரம் கசிகிற ரத்தம் காலை முடக்கிவிடும்.

வார்டில் கேட்க வேண்டியவை:

"அம்மாவும் அப்பாவும் சொந்தத்துல கட்டிக்கிட்டவங்களா?"

"பிள்ளை பொறந்தப்ப ரத்தம் ரொம்பப் போச்சா?"

"ஒங்க தம்பிக்குப் பல்லு புடுங்குனப்ப ரத்தம் எப்ப நின்னிச்சு?"