ஐகான் போனால் எல்லாம் போச்சா?

போன கார்த்திகையில் ஓர் இரவு, மணி ஒன்பதரை இருக்கும். விருத்தாசலத்திலிருந்து என் அக்கா மகள் போன் செய்தாள்.

“மாமா, கம்ப்யூட்டர்ல எல்லாம் போச்சு மாமா. ஒண்ணுமே இல்ல.”

அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. கேட்டுக் கேட்டுத்தான் விஷயத்தை வாங்க முடிந்தது. சாயங்கால மழையில் கரண்ட் போயிருக்கிறது. அப்போது கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. யூபிஎஸ் பேட்டரி செத்து ஒரு வருஷமாகிறது. கரண்ட் வந்ததும் போட்டுப் பார்த்தால் திரையில் வெறும் நீலம். ஓரத்தில் ரீசைக்கிள் பின் மட்டும் நிற்கிறது. அவள் வைத்திருந்த ஐகான்களில் ஒன்றுகூட இல்லை.

மறுநாள் மாலை, கல்லூரியில் உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி நேரம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் என்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரில் போட்டிருந்தாள். பக்கத்தில் இன்னொரு ஃபோல்டர். பீங்கான் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களிடம் எம்.ஏ. ஆய்வுக்காக அவள் எடுத்த பேட்டிகள் அதில் இருந்தன. பதினொரு பேரின் குரல். அதில் ஒருவர் எங்கள் பெரியம்மா. ஆவணியில் இறந்துவிட்டார்.

“சர்ட்டிஃபிகேட்ட எப்படியாவது மறுபடி ஸ்கேன் பண்ணிக்கலாம் மாமா. பெரியாயா குரல எங்க போய் எடுக்கறது?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

திரையை செல்போனில் படம் பிடித்துக்கொண்டு ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு ஓடியிருக்கிறாள். கடைக்காரர் படத்தைப் பார்த்த ஒரு நிமிஷத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டார்: “விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு. ஃபார்மேட் அடிக்கணும். எண்ணூறு ரூபா ஆகும். உள்ள இருந்தது வராது.”

“எதையும் தொடாதே. அந்தக் கம்ப்யூட்டர்ல புதுசா எதையும் சேவ் பண்ணாதே. காலைல வர்றேன்” என்றேன். கடலூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ரயில் ஜங்ஷனும் பழமலைநாதர் கோயிலும் நினைவுக்கு வரும். எங்களுக்கு அது பீங்கான் ஊர். வீட்டு மெயின் போர்டில் இருக்கும் வெள்ளை ஃபியூஸ் கட்டையும், கார்த்திகைக்கு ஏற்றும் அகல் விளக்கும், கொலுவில் வைக்கும் பொம்மையும் இந்த ஊர்ச் சூளைகளில் வெந்து வருபவை. பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசுக் கல்வி நிறுவனமும் இங்கே உண்டு. என் அக்கா வீட்டுக்காரர் இருபது வருஷமாக அச்சில் களிமண் கரைசல் ஊற்றும் வேலை பார்க்கிறார். நகக்கண்ணில் வெள்ளை போகவே போகாது.

அந்த வீட்டில் கம்ப்யூட்டர் ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் இருக்கிறது. சீட்டுப் பணத்தில் ஏழாயிரத்துக்கு வாங்கிய பழைய சாமான். ‘டெஸ்க்டாப்’ என்றால் மேசையின் மேல்பரப்பு. 1981இல் செராக்ஸ் நிறுவனம் ‘ஸ்டார்’ என்ற கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அலுவலக மேசையை அப்படியே திரையில் வரைந்தார்கள். காகிதம், ஃபோல்டர், கடிதம் போடும் தட்டு எல்லாம் சின்னச் சின்னப் படங்களாக இருந்தன. மேசை வைத்து வேலை பார்ப்பவர்களுக்குப் பார்த்த உடனே புரிய வேண்டும் என்பது நோக்கம். நம் தெருவில் மேசை வைத்து வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர்? அதனால்தான் நம் பிள்ளைகளுக்குத் திரையில் இருக்கும் படம்தான் பொருள் என்று தோன்றிவிடுகிறது. படம் காணாமல் போனால் பொருளே போய்விட்டது என்று நெஞ்சு அடைத்துப்போகிறது.

ஐகான் ஒரு படம்தான். அதன் இடதுபக்க மூலையில் சின்ன அம்புக்குறி இருந்தால் அது ‘ஷார்ட்கட்’, அதாவது இன்ன பொருள் இன்ன இடத்தில் இருக்கிறது என்று எழுதிய விலாசச் சீட்டு. அதை அழித்தாலும் பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும். அம்புக்குறி இல்லாத ஃபோல்டர் நிஜமான பொருள். ஆனால் அதுவும் திரையில் வசிப்பதில்லை. சி டிரைவில் ‘யூசர்ஸ்’, அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் ‘டெஸ்க்டாப்’ என்ற ஃபோல்டரில் இருக்கிறது. நாம் பார்ப்பது அந்த ஃபோல்டரின் வாசலைத்தான்.

இதை முதலில் அவளுக்குச் சொன்னேன். பிறகு மவுஸை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் செய்து கொடுத்தால் நாளைக்கு இன்னொரு கடைக்காரர் ஆகிவிடுவேன்.

முதலில் எளியதைப் பார்த்தோம். திரையில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து ‘வியூ’ என்பதில் ‘ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ்’ முன்னால் டிக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழந்தைகள் விளையாட்டாக அதை எடுத்துவிட்டாலும் திரை துடைத்தாற்போல் ஆகிவிடும். எங்களுக்கு டிக் இருந்தது. ‘திஸ் பிசி’ மாதிரி விண்டோஸின் சொந்த ஐகான் மட்டும் காணோம் என்றால் ‘செட்டிங்ஸ்’, ‘பெர்சனலைசேஷன்’, ‘தீம்ஸ்’, ‘டெஸ்க்டாப் ஐகான் செட்டிங்ஸ்’ என்று போய் மறுபடி டிக் போட்டால் வந்துவிடும். எங்கள் சிக்கல் அதுவும் இல்லை.

அடுத்து ரீசைக்கிள் பின்னைத் திறந்தாள். காலி. ஒன்டிரைவ் இருக்கிறதா என்று பார்த்தோம். அது பலருடைய டெஸ்க்டாப்பைத் தன் ஃபோல்டருக்குள் மாற்றி வைத்துக்கொள்ளும். பிறகு அதை நிறுத்தினால் திரை காலியாகத் தெரியும், கோப்புகள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் பத்திரமாக இருக்கும். இவள் அதைப் பயன்படுத்தியதே இல்லை.

பிறகு சி டிரைவில் ‘யூசர்ஸ்’ ஃபோல்டரைத் திறக்கச் சொன்னேன். உள்ளே அவள் பெயரில் ஒரு ஃபோல்டர். பக்கத்தில் ‘டெம்ப்’ என்று இன்னொன்று.

“இது யாரு மாமா? புதுசா இருக்கு.”

வில்லங்கம் அங்கேதான் இருந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பயனர் விவரக் கோப்பு பழுதாகிவிடும். விண்டோஸால் அதைப் படிக்க முடியாதபோது நம்மை ஒரு தற்காலிகக் கணக்கில் உட்கார வைத்துவிடும். சொந்த வீட்டின் பூட்டு திறக்காததால் சத்திரத்தில் தங்க வைப்பது போல. சத்திரத்தில் நம் சாமான் எப்படி இருக்கும்? இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: அந்தத் தற்காலிகக் கணக்கில் சேமிப்பது வெளியேறும்போது அழிந்துவிடும். புதிதாக எதையும் சேவ் செய்யாதே என்று சொன்னது இதற்காகத்தான்.

அவள் பெயரிலிருந்த ஃபோல்டரைத் திறந்தாள். உள்ளே ‘டெஸ்க்டாப்’. அதையும் திறந்தாள். இரண்டு ஃபோல்டரும் இருந்தன. பதினொரு பேட்டியும் இருந்தன.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கதவோரம் நின்றிருந்த அவள் அப்பாதான் சொன்னார்: “பொம்ம ஒடஞ்சா என்ன மச்சான், அச்சு இருந்தா போதும்ல.”

முதலில் இரண்டையும் பென்டிரைவில் காப்பி எடுக்க வைத்தேன். அதன் பிறகுதான் ரீஸ்டார்ட். முதல் முறை அதே நீலத் திரை. இரண்டாவது முறை பழைய டெஸ்க்டாப் அப்படியே வந்தது. எல்லாருக்கும் இப்படி ரீஸ்டார்ட்டிலேயே சரியாகும் என்று சொல்ல மாட்டேன். சிலருக்குப் புதுக் கணக்கு ஒன்றைத் தொடங்கிக் கோப்புகளை அதற்கு மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் காப்பி எடுத்த பிறகு எதைச் செய்தாலும் பயமில்லை.

ஒரே ஒரு ஐகான் மட்டும் வெள்ளைக் காகிதமாக நின்றது. தமிழ்த் தட்டச்சு மென்பொருள். விண்டோஸ் ஐகான் படங்களை ஒரு தனிக் கோப்பில் சேர்த்து வைத்திருக்கும். அது பழுதானால் படம் வெளுத்துப்போகும், மென்பொருளுக்கு ஒன்றும் ஆகாது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்’ என்பதைத் தேர்ந்து ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தாள். படம் வந்துவிட்டது. வராவிட்டால் அந்த ஐகானின் ‘பிராப்பர்ட்டீஸ்’ போய் ‘டார்கெட்’ என்ற வரியைப் படிக்க வேண்டும். அதில் சொல்லியிருக்கும் இடத்தில் மென்பொருளே இல்லையென்றால் விலாசம் பொய்யாகிவிட்டது என்று அர்த்தம். மறுபடி நிறுவ வேண்டும்.

நாம்தான் ஏதோ தப்பாகத் தொட்டுவிட்டோம் என்று நம் பிள்ளைகள் உடனே குற்றவுணர்ச்சி கொள்கிறார்கள். அது தேவையில்லை. 2020 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் அனுப்பிய ஒரு விண்டோஸ் 10 அப்டேட், பலரை இதே போலத் தற்காலிகக் கணக்கில் தள்ளிவிட்டது. எல்லாம் போச்சு என்று உலகம் முழுக்கப் பதறினார்கள். 2023 ஜனவரி 13 அன்று அதே நிறுவனத்தின் ‘டிஃபென்டர்’ பாதுகாப்பு மென்பொருள், அலுவலகக் கம்ப்யூட்டர்களின் ஷார்ட்கட்டுகளை ஆபத்து என்று தவறாக நினைத்து அழித்தது. மென்பொருள்கள் இருந்தன, விலாசச் சீட்டுதான் போனது. செய்தவர்களே தப்பு செய்கிறார்கள். டிரங்குப் பெட்டி மேல் கம்ப்யூட்டர் வைத்திருப்பவள் எதற்கு வெட்கப்பட வேண்டும்?

பென்டிரைவ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரவுசிங் சென்டரில் போட்டு எடுத்ததும் ஃபோல்டர்கள் எல்லாம் அம்புக்குறி போட்ட ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். அதைக் கிளிக் செய்யாதீர்கள், அது வைரஸ் வைத்த போலிக் கதவு. நிஜ ஃபோல்டரை அது மறைத்துத்தான் வைத்திருக்கும். ‘வியூ’ மெனுவில் ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ டிக் செய்து பாருங்கள். அப்படியும் தெரியாவிட்டால் ‘ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்’ போய் ‘ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ டிக்கை எடுங்கள். 2010இல் ஈரானின் அணுத் திட்டத்தைக் குறிவைத்த ‘ஸ்டக்ஸ்நெட்’, ஷார்ட்கட் ஐகானைத் திரையில் காட்டினாலே உள்ளே நுழைந்துவிடும்படி செய்யப்பட்டிருந்தது. அதிகம் பாதிக்கப்பட்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

தமிழக அரசு 2011இல் விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது. இவள் அண்ணனுக்கும் ஒன்று கிடைத்தது. நம் வீடுகளுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பழுதானால் எங்கே பார்ப்பது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு நாள் யாரோ ஃபார்மேட் அடித்தார்கள், அவன் சேர்த்து வைத்ததெல்லாம் போனது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை 1944இல் தொடங்கியது. ஒரு தலைமுறையே அதைப் பிடித்துக்கொண்டுதான் கல்லூரி வாசலை மிதித்தது. இன்று அந்த வாசலுக்குப் போகும் வழி ஆன்லைனில் இருக்கிறது. ஒரு ஐகானில் தடுக்கி ஒருத்தி ஒரு வருஷப் பணத்தை இழக்கலாம் என்றால், இதுவும் நமக்குப் படிக்க வேண்டிய பாடம்தான்.

“இல்லை” என்று ஒருவர் சொன்னதும் திரும்பி வந்துவிடக்கூடாது. “எங்கே தேடினீர்கள்?” என்று கேட்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடும் தோழர்களுக்கு இது தெரிந்த சங்கதி. “கோப்பு கிடைக்கவில்லை” என்று பதில் வரும். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் தகவலை மறுக்கச் சொல்லப்பட்டிருக்கும் விலக்குகளில் ‘கோப்பு காணோம்’ என்பது கிடையாது. ஒரு காலத்தில் அலுவலகத்தில் இருந்த தகவலைத் தேட முழு முயற்சி எடுக்க வேண்டும் என்றும், காணாமல் போனதற்குப் பொறுப்பு யார் என்று கண்டறிய வேண்டும் என்றும் டெல்லி உயர் நீதிமன்றம் 2013இல் சொல்லியிருக்கிறது. தாலுகா ஆபீஸோ, டிரங்குப் பெட்டியோ, கேள்வி ஒன்றுதான்.

கள ஆய்வுக்குப் போகிறவர்கள், சாட்சியம் பதிவு செய்கிறவர்கள் ஒரு பழக்கத்தை இன்றே தொடங்குங்கள். எதுவானாலும் மூன்று பிரதி. இரண்டு வெவ்வேறு வகைச் சாதனத்தில். ஒன்று வேறு ஊரில். நம் மக்களின் குரலை யாரும் நமக்காகச் சேர்த்து வைக்கப் போவதில்லை.

அவள் மூன்றரை மணிக்கு விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள். எண்ணூறு ரூபாய் கையில் இருந்தது. யூபிஎஸ்ஸுக்குப் பேட்டரி வாங்க அதை எடுத்து வைத்தார்கள். பத்து நாள் கழித்துப் போன் செய்தாள். தெருக்கோடி வீட்டில் ஒரு பையனுக்கு ஐகானெல்லாம் போய்விட்டதாம், இவளே போய் எடுத்துக் கொடுத்தாளாம்.

பேட்டிகளின் ஒரு பிரதி இப்போது கடலூரில் என்னிடம் இருக்கிறது. பெரியம்மாவின் பதிவு ஒரு கேள்வியோடு தொடங்குகிறது. செல்போனைப் பார்த்துக் கேட்கிறார்:

“நான் பேசறது இதுல ஏறுதா பாரு பாப்பா.”

ஏறியிருக்கிறது பெரியம்மா.

ஜெய் பீம்.