பாயை இழு மச்சி!

மெரினாவில் சுண்டல் சாப்பிட்டிருப்பீர்கள். பெசன்ட் நகர் பீச்சில் ஃப்ரெண்டின் முகத்தில் பர்த்டே கேக் பூசியிருப்பீர்கள். செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்றைக்கு அலையில் காலை நனைத்தபடி சோகமாக நின்றிருப்பீர்கள். எல்லாம் சரி... கரையை விட்டுக் கடலுக்குள்ளே போயிருக்கிறீர்களா?

'ஓ, போட்ல போயிருக்கேனே!' என்று கையைத் தூக்குகிறவர்கள் கொஞ்சம் இறக்குங்கள். மோட்டார் படகு கணக்கில் சேராது. நாம் பேசப்போகிற படகில் இன்ஜின் கிடையாது, பெட்ரோல் கிடையாது, முக்கியமாக பிரேக்கும் கிடையாது. ஒரு பாய், ஒரு சுக்கான், நீங்கள். அவ்வளவுதான்!

வாங்க, ஒரு ஞாயிற்றுக்கிழமையை சென்னைத் துறைமுகத்துக்குள் பாய்மரப் படகுகளோடு கழிக்கலாம்.

ராமானுஜனின் பாஸ்!

துறைமுக வாசலில் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே நுழைகிறோம். ஒரு பக்கம் ராட்சசக் கிரேன்கள், மலை போல கன்டெய்னர்கள். 'இங்கேயா விளையாடுவாங்க?' என்று உங்களுக்குச் சந்தேகம் வரும். நூறு வருஷத்துக்கும் மேலாக விளையாடுகிறார்கள் பாஸ்!

இந்தத் துறைமுகத்துக்கும் உங்கள் மேத்ஸ் புத்தகத்துக்கும்கூட ஒரு சம்பந்தம் உண்டு. கணித மேதை ராமானுஜன் 1912-ல் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு கிளார்க்காகச் சேர்ந்தது இங்கே இருந்த போர்ட் டிரஸ்ட்டில்தான். அப்போது அங்கே சேர்மனாக இருந்தவர் சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங். ராமானுஜனின் திறமை வெளியே தெரிய உதவியவர்களில் ஒருவர். அதே ஸ்பிரிங் துரை 1911-ல் ஆரம்பித்ததுதான் இன்றைய ராயல் மெட்ராஸ் யாட் கிளப். தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷனும் இதே துறைமுகத்துக்குள்தான் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறது.

முதல் பாடம்... கவிழ்வது!

காலை ஏழு மணி. வாண்டுகள் வரிசையாக வந்து, குளியல் தொட்டி மாதிரி இருக்கிற குட்டிப் படகுகளுக்குப் பாய் கட்டுகிறார்கள். அதன் பெயர் 'ஆப்டிமிஸ்ட்'. நீளம் 2.3 மீட்டர். பதினைந்து வயது வரைக்கும்தான் இதில் ரேஸ் விட முடியும். உங்களுக்கு அந்த வயது தாண்டிவிட்டதால் 'லேசர்'. பெயரைக் கேட்டதும் ஃபிஸிக்ஸ் லேப் ஞாபகத்துக்கு வர வேண்டாம். 4.2 மீட்டர் நீளமுள்ள, ஒருவர் மட்டும் ஓட்டுகிற படகு. இப்போது அதன் அதிகாரபூர்வப் பெயர் ஐ.எல்.சி.ஏ. ஒரே படகுதான், பாயின் சைஸ் மூன்று விதம். ஒலிம்பிக்கில் பெண்கள் ஓட்டுவது ஐ.எல்.சி.ஏ. 6, ஆண்கள் ஓட்டுவது ஐ.எல்.சி.ஏ. 7.

லைஃப் ஜாக்கெட் மாட்டியாச்சு. நீச்சல் தெரியுமா என்று சோதித்தாச்சு. 'சரி, எப்படி ஓட்டுறதுன்னு சொல்லுங்க சார்' என்று கோச்சைக் கேட்கிறீர்கள்.

"மொதல்ல கவுத்துப் போடு!"

ஜோக் இல்லை. வேண்டுமென்றே படகைக் கவிழ்த்துவிட்டு, மறுபடி நிமிர்த்தி, ஏறி உட்காரத் தெரிந்தால்தான் அடுத்த பாடம். படகு சாய்கிறது. நீங்கள் 'தொபுக்கடீர்'! வாயெல்லாம் உப்பு. அந்த நொடியில் கரையை நோக்கி நீந்திவிடலாம் என்று மனசு பறக்கும். அதைத்தான் செய்யக் கூடாது. என்ன ஆனாலும் படகை விடாதே என்பதுதான் கடலில் முதல் சட்டம். படகு மிதக்கும், தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் கண்ணுக்கும் தெரியும். அலைக்கு நடுவே உங்கள் தலை மட்டும் தெரியாது. படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கிற பலகையைப் பிடித்து, அதன் மேல் ஏறி நின்று, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுக்க வேண்டும். பாய் மெதுவாகத் தண்ணீரை உதறிவிட்டு எழும். மூன்றாவது தடவை நிமிர்த்தும்போது பயம் பாதி போயிருக்கும். மீதிப் பாதி இருப்பது நல்லதுதான்!

காற்றைக் கண்ணால பாரு!

கடலில் ஒரு ரெஸ்க்யூ படகு எப்போதும் கூடவே வரும். அதை ஓட்டுகிற அண்ணா காசிமேட்டுக்காரர். "தம்பி, இப்ப அடிக்கிறது கச்சான். கரையிலேர்ந்து வருது. மதியத்துக்கு மேல கடல் காத்து ஏறும், அப்பத் தெரியும் வெளாட்டு" என்கிறார். மொபைலை எடுத்து வெதர் ஆப்பைத் தட்டாமலே!

"அதோ பாரு, தண்ணி கறுத்துக்கிட்டு வருதே... அதான் காத்து" என்று கையை நீட்டுகிறார். ஆமாம். பளபளவென்று இருக்கிற நீரில் ஒரு கறுத்த திட்டு நம்மை நோக்கி நகர்ந்து வருகிறது. சில நொடிகளில் பாய் 'பட்'டென்று விறைக்கிறது. நம் ஊர்க் கட்டுமரம் இங்கிலீஷ் டிக்‌ஷனரிக்குள் 'கேடமரான்' ஆகப் போய் உட்கார்ந்ததில் ஆச்சரியமே இல்லை.

காற்று பின்னாலிருந்து தள்ளினால் படகு போகும், அது புரிகிறது. காற்று எதிரே வந்தால்? நேராக அதன் முகத்துக்கு எதிரே எந்தப் பாய்மரப் படகாலும் போக முடியாது. ஆனால், ஏறக்குறைய 45 டிகிரி சாய்வாகப் போகலாம். பாய் விமானத்தின் இறக்கை மாதிரி வேலை செய்கிறது. அடியில் இருக்கிற பலகை படகைப் பக்கவாட்டில் வழுக்க விடாமல் பிடித்துக்கொள்கிறது. கொஞ்ச தூரம் இடது, கொஞ்ச தூரம் வலது என்று வளைந்து வளைந்து ஏற வேண்டும். திரும்புகிற ஒவ்வொரு தடவையும் பாயின் அடிக்கட்டை தலைக்கு மேலே சர்ரென்று பாயும். குனிய மறந்தால் மண்டையில் ஒரு பன்!

யாரும் பார்க்கலை, ஆனா...

மதியம் ரேஸ். ஐந்து நிமிஷம் முன்னால் ஒரு சிக்னல், நாலாவது நிமிஷத்தில் ஒன்று, ஒரு நிமிஷம் இருக்கும்போது ஒன்று, பிறகு ஸ்டார்ட். ஜெயித்தவருக்கு 1 பாயின்ட், இரண்டாவது வந்தவருக்கு 2. கடைசியில் குறைவான மார்க் எடுத்தவர்தான் ஃபர்ஸ்ட்! நம்ம பசங்களுக்காகவே கண்டுபிடித்த சிஸ்டம். பல போட்டிகளில் ஒரு மோசமான ரேஸைக் கணக்கிலிருந்து கழித்தும் விடுவார்கள்.

அன்றைக்கு நான் ரெஸ்க்யூ படகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஃபைனல் இயர் பையன் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தான். கடைசி மிதவையைச் சுற்றும்போது அவன் படகு அதன்மேல் லேசாக உரசியது. உரசினால் தப்பு, தண்டனையாகப் படகை ஒரு முழு வட்டம் சுற்ற வேண்டும். பக்கத்தில் வேறு படகு இல்லை. நாங்களும் தூரத்தில் இருந்தோம். விசில் ஊத யாரும் இல்லை.

அவன் ஒதுங்கினான். ஒரு வட்டம் சுற்றினான். அதற்குள் மூன்று படகுகள் தாண்டிப் போயின. ஐந்தாவதாக வந்தான்.

கரைக்கு வந்ததும், "ஏம்ப்பா, யாரும் பார்க்கலையே?" என்றேன்.

"நான் பார்த்தேனே சார்!" என்று சிரித்துவிட்டுப் படகைக் கழுவப் போய்விட்டான்.

பிராக்ஸி அட்டெண்டன்ஸும் பிட்டும் நமக்குப் புதுசா என்ன? எனக்குச் சுருக்கென்றது. இந்த விளையாட்டின் விதிப் புத்தகமே அந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது. தப்பு செய்தால் நீயே ஒத்துக்கொள், நீயே தண்டனையை எடுத்துக்கொள் என்பதுதான் அடிப்படை.

பணக்கார வெளாட்டாச்சே!

உங்கள் கேள்வி நியாயம்தான். சொந்தமாகப் படகு வாங்குவதெல்லாம் நம் பாக்கெட்டுக்குத் தாங்காது. ஆனால், கற்றுக்கொள்ளப் படகு வாங்க வேண்டியதில்லை. கோடைக்காலப் பயிற்சி முகாம்களில் படகு அவர்களுடையது, உப்புத் தண்ணீர் குடிப்பது மட்டும் நீங்கள்! சென்னைப் பெண் நேத்ரா குமணன் இப்படி ஒரு சம்மர் கேம்ப்பில் ஆரம்பித்தவர்தான். பாய்மரப் படகுப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணாக 2021-ல் டோக்கியோ போனார், 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டார். அதே டோக்கியோவில் ஜோடியாகப் படகு ஓட்டிய கே.சி.கணபதியும் வருண் தக்கரும் நம்ம சென்னைப் பசங்கதான். 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கியவர்கள்.

இன்னொரு பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்: நேஹா தாக்கூர். கடலே இல்லாத மத்தியப் பிரதேசத்து விவசாயி மகள். போபால் ஏரியில் படகு ஓட்டிப் பழகி, 2023-ல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்றார். ஏரியில் கற்றுக்கொண்டு அவர் அவ்வளவு தூரம் போயிருக்கிறார். நமக்கு வாசலிலேயே வங்காள விரிகுடா!

சாயங்காலம் ஐந்து மணி. உள்ளங்கையில் கயிறு அறுத்த தழும்பு, மூக்கு நுனி கருகிப்போயிருக்கிறது, தொடை இரண்டும் கெஞ்சுகின்றன. டீக்கடையில் கிளாஸைப் பிடிக்கும்போது கை லேசாக நடுங்கும். திடீரென்று எதிரே இருக்கிற வேப்ப மரத்தின் இலைகள் ஆடும். நீங்கள் உங்களை அறியாமல் நிமிர்ந்து, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பீர்கள்.

அப்புறம் என்ன... நீச்சல் கத்துக்கிட்டு, ஒரு தொப்பியும் தண்ணி பாட்டிலும் எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. காற்றுக்கு டிக்கெட் கிடையாது!