மூன்று அம்புகள்

அங்காடியில் வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றைத் திருப்பிப் பார்ப்பவர் கண்ணில் ஒரு சிறு குறி தென்படும். மூன்று அம்புகள், ஒவ்வோர் அம்பும் இடையில் மடிந்து, அடுத்த அம்பின் வாலைத் தொடர்ந்து செல்லும். அதற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. எழுத்தறியாத முதியவரும் அதன் பொருளை உணர்வார். பள்ளிக்குப் புதிதாய்ச் சென்ற சிறுவனும் உணர்வான். மொழியின் துணையின்றி உலகெங்கும் பேசப்படும் சொற்கள் மிகச் சிலவே. அவற்றுள் மறுசுழற்சியைக் குறிக்கும் இவ்வடிவமும் ஒன்று. ஆயினும், இதனை வரைந்தவர் யார் என்று வினவினால், கற்றவரும் விடைகூற இயலாது தயங்குவர். வரைந்தவர் அந்நாளில் புகழ்வாய்ந்த ஓவியர் அல்லர்; பல்கலைக்கழக மாணவர் ஒருவரே.

அக்குறி பிறந்த காலத்தை முதலில் அறிதல் வேண்டும். 1960ஆம் ஆண்டுகளின் இறுதியில் அமெரிக்கக் கல்லூரி வளாகங்கள் கொந்தளித்துக் கிடந்தன. வியட்நாம் போரை எதிர்த்து மாணவர் அணி அணியாகத் திரண்டனர். அவ்வேளையில், 1969 ஜனவரித் திங்களின் இறுதியில், கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா கடற்பகுதியில் எண்ணெய்க் கிணறு ஒன்று வெடித்தது. கரிய எண்ணெய் கடல்மீது படர்ந்து கரையைத் தொட்டது. சிறகுகள் ஒட்டிக்கொள்ளப் பறக்கவியலாது மடிந்த பறவைகள் ஆயிரக்கணக்கில் கரையொதுங்கின. இக்கொடுமையைக் கண்டு வருந்தியவர்களுள் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த மேலவை உறுப்பினர் கேலார்டு நெல்சனும் ஒருவர். போரை எதிர்த்து எழுந்த மாணவர் ஆற்றலை, மண்ணையும் நீரையும் காக்கும் பணிக்குத் திருப்பலாகாதா என்று அவர் எண்ணினார். அவ்வெண்ணமே 1970 ஏப்ரல் 22ஆம் நாள் கொண்டாடப்பட்ட முதல் புவி நாளாக மலர்ந்தது.

அந்த நாள் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. வசந்தகால விடுமுறைக்கும் ஆண்டிறுதித் தேர்வுக்கும் இடையே, மாணவர் வளாகத்தில் நிறைந்திருக்கும் நாளாகப் பார்த்தே அது குறிக்கப்பட்டது. ஒருங்கிணைக்கும் பொறுப்பை ஏற்ற டெனிஸ் ஹேய்ஸ், அப்போது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்தவர். அன்று நாடெங்கும் ஏறத்தாழ 2 கோடி மக்கள் கலந்துகொண்டனர் என்பர். அரசோ பெருஞ்செல்வரோ தொடங்கி வைத்த பணியன்று அது. பெரும்பாலும் விரிவுரை மண்டபங்களிலும், வளாகப் புல்வெளிகளிலும், மாணவரின் கைகளிலுமே வளர்ந்த பணி.

அதே ஆண்டில், சிகாகோ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கண்டெய்னர் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்னும் நிறுவனம் ஒரு போட்டியை அறிவித்தது. பழைய தாள்களைக் கூழாக்கி அட்டை செய்வது அந்நிறுவனத்தின் தொழில்களுள் ஒன்று. தன் அட்டை பயன்படுத்திய தாளிலிருந்து பிறந்தது என்பதையும், மீண்டும் பயனுக்கு வரவல்லது என்பதையும் காட்ட ஒரு குறி அதற்குத் தேவைப்பட்டது. கலையும் வடிவமைப்பும் பயிலும் மாணவரே போட்டியில் பங்குபெறலாம் என வரையறுத்தனர். 500க்கும் மேற்பட்ட படைப்புகள் வந்து குவிந்தன. கொலராடோ மாநிலத்து ஆஸ்பென் நகரில் நடைபெற்ற அனைத்துலக வடிவமைப்பு மாநாட்டில் அவை ஆராயப்பட்டன. சால் பாஸ், ஹெர்பர்ட் பேயர் போன்ற பெயர்பெற்ற வடிவமைப்பாளர்கள் நடுவர்களாய் அமர்ந்தனர். பரிசு, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்ற 23 வயது இளைஞருக்குக் கிடைத்தது. அவர் பெயர் கேரி ஆண்டர்சன்.

அவர் அவ்வடிவத்தை ஓரிரு நாளிலேயே வரைந்து முடித்தார். ஆனால் அவ்விரு நாளின் பின்னே பல ஆண்டுகளின் நினைவுகள் நின்றன. வகுப்புப் பயிற்சி ஒன்றிற்காக, கழிவுநீர் மீண்டும் பயனுக்கு வரும் ஓட்டத்தை அம்புகளால் முன்னரே அவர் வரைந்து காட்டியிருந்தார். சிறு வயதில் செய்தித்தாள் அச்சகம் ஒன்றைக் காணச் சென்றபோது, நீண்ட தாள் உருளைகளின்மீது மடிந்தும் நெளிந்தும் ஓடியதைக் கண்ட காட்சியும் அவர் உள்ளத்தில் தங்கியிருந்தது. தட்டையாய்க் கிடந்த அம்புகளை அத்தாளைப் போல் மடித்துவிட்டார். குறி உயிர் பெற்றது. கலைஞன் என்பவன் இல்லாததைப் படைப்பவன் மட்டும் அல்லன். எல்லாரும் கண்டு மறந்ததை மறவாதிருப்பவனும் ஆவான்.

அவ்வடிவத்துள் கணிதம் ஒன்றும் உறைகின்றது. நீண்ட காகிதப் பட்டை ஒன்றை எடுத்து, ஒரு முனையை அரைத் திருப்பம் திருப்பி, மறுமுனையோடு ஒட்டினால் கிடைப்பதற்கு மோபியஸ் பட்டை என்று பெயர். 1858ஆம் ஆண்டில் அதனை ஆராய்ந்த ஜெர்மானியக் கணித அறிஞரின் பெயரால் அது வழங்குகின்றது. அதன்மேல் விரலை வைத்து எடுக்காமல் நகர்த்திக்கொண்டே சென்றால், உட்புறம் வெளிப்புறம் என்னும் வேறுபாடின்றி முழுப் பட்டையையும் தொட்டுவிட்டுப் புறப்பட்ட இடத்திற்கே விரல் திரும்பும். வகுப்பறையில் எந்த ஆசிரியரும் ஒரு துண்டுத் தாளைக் கொண்டு இதனைச் செய்து காட்டலாம். ஆண்டர்சனின் அம்புகள் உரைப்பதும் இதுவே: வேண்டாதது என எறிவதற்கு வெளிப்புறம் என்று ஓர் இடம் உலகில் இல்லை.

போட்டிக்கு அவர் அனுப்பியவை ஒரே கருத்தின் மூன்று வடிவங்கள். அவற்றுள் மிக எளியதே பரிசு பெற்றது. மேற்படிப்புக்கு உதவித்தொகை கிடைத்தது. அவர் தம் வழியே சென்றார். நகர அமைப்புத் துறையில் புகுந்தார். சவூதி அரேபியாவில் ஆசிரியப் பணியும் ஆற்றினார். வரைந்த குறியை அவரே ஏறத்தாழ மறந்துவிட்டார். பின்னொரு காலத்தில் விடுமுறைக்காக ஆம்ஸ்டர்டாம் நகரில் வந்து இறங்கியபோது, குவிந்த வடிவுடைய பெரியதொரு மறுசுழற்சித் தொட்டி அவர் கண்ணில் பட்டது. அதன் பக்கத்தில், பந்தினும் பெரிதாக, அவருடைய மூன்று அம்புகள்! பிள்ளையைத் தொலைவிடத்திற்கு அனுப்பிவிட்டு, ஆண்டுகள் கழித்து அயலூர்த் தெருவில் வளர்ந்த ஆளாய்க் காணும் தந்தையின் திகைப்பை ஒத்தது அது.

அக்குறி அத்துணை விரைவில் பரவியதற்கு ஒரு காரணம் உண்டு. அதனைத் தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய முயன்ற நிறுவனம், எதிர்ப்பு எழவே அம்முயற்சியைக் கைவிட்டது. குறி பொதுச்சொத்தாயிற்று. ஊர்க்கிணற்றில் எவரும் நீர் மொள்ளலாம் என்பது போல, எவரும் அதனை எடுத்தாளலாம் என்றாயிற்று. ஆனால் காவலில்லாத கிணற்றில் நீர் மொள்பவர் மட்டும் வருவதில்லை. குப்பை கொட்டுபவரும் வருவர்.

1988ஆம் ஆண்டில் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில்துறைச் சங்கம், பிளாஸ்டிக் வகைகளைப் பிரித்தறிய 1 முதல் 7 வரை எண்களை வகுத்தது. ஒவ்வோர் எண்ணையும் சுற்றி, துரத்திச் செல்லும் மூன்று அம்புகளை வரைந்தது. எண் குறித்தது பொருளின் வகையை மட்டுமே. ஆனால் அம்புகளைக் கண்ட மக்கள், இது மீண்டும் பயனுக்கு வரும் என்றே நம்பினர். தண்ணீர்ப் புட்டியின் 1ஆம் வகையும், பால் கலனின் 2ஆம் வகையும் பல இடங்களில் மறுசுழற்சிக்குச் செல்வது உண்மையே. ஏனையவற்றுள் பெரும்பகுதி அவ்வாறு செல்வதில்லை. 2015ஆம் ஆண்டு வரை உலகில் உண்டான பிளாஸ்டிக் கழிவில் ஏறத்தாழ 9 விழுக்காடே மறுசுழற்சி செய்யப்பட்டது என்றும், 79 விழுக்காடு குப்பைமேடுகளிலும் இயற்கை வெளியிலும் தேங்கியது என்றும் 2017இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. பிழையை உணர்ந்து, 2013ஆம் ஆண்டில் அவ்வெண்களைச் சுற்றியிருந்த அம்புகளை நீக்கி, வெறும் முக்கோணத்தை இட விதி செய்தனர். மறுசுழற்சி ஆகாத பொருளின்மேல் அம்புக்குறி இடுதலைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைக் கலிபோர்னியா மாநிலம் 2021இல் இயற்றியது. குறி பிறந்த மண்ணே அதன் மானத்தைக் காக்கச் சட்டம் செய்ய நேர்ந்தது.

அம்பு காட்டிய வழியே சென்ற கழிவு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை மலேசிய மக்கள் நன்கு அறிவர். அயல்நாட்டுப் பிளாஸ்டிக் கழிவுக்குச் சீனா 2018 தொடக்கத்தில் கதவை அடைத்தது. கப்பல்கள் திசை திரும்பின. அவ்வாண்டின் முதல் ஏழு மாதங்களில் மட்டும் ஏறத்தாழ 754,000 டன் பிளாஸ்டிக் கழிவு மலேசியாவுக்குள் வந்தது. சிலாங்கூரின் கோலலங்காட் மாவட்டத்து ஜென்ஜாரோமில் உரிமம் இல்லாத ஆலைகள் முளைத்தன. பயன்படாதவற்றை இரவில் எரித்த புகை வீடுகளுள் புகுந்தது. மூச்சுமுட்டிய ஊரார் புகார் மேல் புகார் எழுதினர். அதன் பின்னரே ஆலைகள் மூடப்பட்டன. 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன்களை 13 நாடுகளுக்கு மலேசியா திருப்பி அனுப்பியது. தொலைநாட்டு இல்லத்தரசி ஒருத்தி நல்லெண்ணத்தோடு கழுவி, அம்புக்குறியிட்ட தொட்டியில் இட்ட கலன், ஜென்ஜாரோமின் குழந்தை ஒன்றின் நெஞ்சில் புகையாய்ச் சென்று தங்கியிருக்கலாம். எறிவதற்கு வெளிப்புறம் இல்லை என்று அம்மாணவர் வரைந்த உண்மை இவ்வாறு கசப்போடு மெய்ப்பட்டது.

இதற்கு வரைந்தவரைக் குறை கூறல் தகுமோ? தகாது. எழுத்தைக் கண்டவன், அதைக்கொண்டு பொய் எழுதியவனுக்குப் பொறுப்பாகான். ஆயினும் குறி என்பது ஒரு வாக்கு. வாக்கு வாயிலிருந்து புறப்பட்டால் மட்டும் போதாது. செயலில் சென்று முடிய வேண்டும். மூன்று அம்புகளுக்குப் பிற்காலத்தார் மூன்று பொருள் உரைப்பர்: கழிவைச் சேர்த்தல், அதனைப் புதுப்பொருளாக்கல், அப்பொருளை மக்கள் விரும்பி வாங்கல். இம்மூன்றனுள் ஒன்று அறுந்தாலும் வட்டம் வட்டமாகாது. வெறும் வளைந்த கோடாகவே நிற்கும்.

இன்று எத்தனையோ பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஓவியம் தீட்டும் மாணவர், சுவரொட்டி வரைந்தும் தொட்டிகளுக்கு வண்ணம் பூசியும் இப்பணியைத் தொடங்குகின்றனர். அது நற்பணி. மலேசியாவின் சில மாநிலங்களில் வீட்டுக் கழிவை வகை பிரித்தல் 2015 செப்டம்பர் முதல் நாளிலிருந்து கட்டாயமாக்கப்பட்டது. சிங்கப்பூரிலோ, 1999இல் திறக்கப்பட்ட செமக்காவ் தீவின் குப்பை நிரப்பிடம் 2035ஆம் ஆண்டளவில் நிறைந்துவிடும் என மதிப்பிடப்பட்டுள்ளது. தேவை வாயிற்படியில் வந்து நிற்கின்றது. ஆயின், அழகிய தொட்டியை வைத்தபின் அம்மாணவர் ஆசிரியரை அணுகிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இத்தொட்டியில் விழும் தாளும் புட்டியும் வெள்ளிக்கிழமை மாலை எவ்வண்டியில் ஏறி எங்கே செல்கின்றன? விடை கிடைக்கவில்லையெனில், அவ்வண்டியின் பின்னே ஒருநாள் சென்று பார்த்துவரலாம். அதனினும் மேலானது, தொட்டியில் விழும் பொருளைக் குறைப்பது.

வரைவதற்கு ஓரிரு நாள் போதும்; அதை மெய்யாக்க ஒரு தலைமுறை உழைக்க வேண்டும். 1970இல் ஒரு மாணவர் மேசைமீது குனிந்து தம் பங்கைச் செய்து முடித்தார். அம்புகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை போய்ச் சேரும் இடத்தைத் தேடிக் காண்பது அடுத்த மாணவரின் கடன்.