பச்சை ஒயர் எத்தனை ஸ்கொயர்?

"வயரிங் இழுத்தாச்சு, நீ ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போயேன்" என்று அக்கா போனில் கூப்பிட்டாள். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவனுக்கு அந்த ஒரு வார்த்தை போதாதா? திருச்சிக்கு வெளியே மாடி வீடு, த்ரீ ஃபேஸ் சப்ளை. பூச்சு வேலை முடிந்து, சுவரெல்லாம் ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. எலக்ட்ரீஷியன் தம்பி டி.பி. (மின் பகிர்வு) பெட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒயர் முனைகளைச் சீவிக்கொண்டிருந்தார்.

முதலில் கொல்லைப்பக்கம் போய் எர்த் பிட்டைப் பார்த்தேன். இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப், சுற்றிலும் உப்பும் கரியும், மேலே தண்ணீர் ஊற்றப் புனல். அதில் குறை இல்லை. பைப்பிலிருந்து வீட்டுக்குப் போகும் கம்பியைப் பார்த்ததும்தான் நின்றுவிட்டேன். ஒற்றை எட்டாம் நம்பர் ஜி.ஐ. கம்பி, பாதி தூரம் மண்ணுக்குள்.

"எட்டாம் நம்பர் சார், நல்ல தடிமன்" என்றார் தம்பி.

பார்வைக்குத் தடிமன்தான். 4 மி.மீ. விட்டம், குறுக்குவெட்டு ஏறக்குறைய 13 ஸ்கொயர், அதாவது சதுர மி.மீ. ஆனால் அது இரும்பு. சூடு தாங்கும் கணக்கில், தனியாக ஓடும்போது செம்புக்கு 143 என்றால் இரும்புக்கு 52. அந்த விகிதத்தில் குறைத்தால் இந்த 13 ஸ்கொயர் இரும்பு, 4.7 ஸ்கொயர் செம்புக்குத்தான் சமம். மீட்டரிலிருந்து டி.பி.க்கு வரும் மெயினோ 10 ஸ்கொயர் செம்பு. ஃபேஸ் ஒயர் 16 ஸ்கொயர் வரைக்கும் எர்த்தும் அதே அளவு. 16-க்கு மேல் 35 வரை எர்த் 16 போதும். அதற்கும் மேலே போனால் பாதி. இந்த மூன்று வரி அட்டவணையை மாணவர்களுக்கு ஒப்பிக்கவே வைப்பேன். அதன்படி இங்கே 10 ஸ்கொயர் செம்பு வேண்டும். போதாததற்கு, பாதுகாப்பில்லாமல் மண்ணில் புதையும் இரும்பு 50 ஸ்கொயருக்குக் குறையக் கூடாது. 25க்கு 3 ஜி.ஐ. பட்டை போட்டால் 75 ஸ்கொயர், பிரச்சினை தீர்ந்தது. தம்பி தலையாட்டினார், முகத்தில் பெரிய சம்மதம் தெரியவில்லை.

உள்ளே வந்து டி.பி.யைத் திறந்தோம். ஏ.சி.க்கும் கீசருக்கும் சிவப்பும் கறுப்புமாக 4 ஸ்கொயர். கூடவே வந்த பச்சை எர்த் ஒயரை விரலில் உருட்டிப் பார்த்தேன், சந்தேகமாக இருந்தது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறையில் அச்சிட்டிருந்ததைப் படித்தேன். 1.0 என்றிருந்தது. வீடு முழுக்க ஒரே காயில்.

தம்பி மடக்கினார். "சார், பிட் அஞ்சு ஓம்னே வச்சுக்குங்க. 230-ஐ அஞ்சால வகுத்தா 46 ஆம்பியர். அதுக்கு மேல மண்ணுல போகாதே. ஒரு ஸ்கொயர் தாங்காதா?"

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. வகுப்பில் யாரும் கேட்காத கேள்வி. அவர் சொன்னது சரி, ஆனால் பாதிதான் சரி. மண் வழியே திரும்புகிற மின்சாரம் அவ்வளவுதான் வரும். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து எர்த்தையும் சேர்த்தால் இன்னும் குறையும். ஆனால் இது த்ரீ ஃபேஸ் வீடு. ஒரு ஃபேஸில் ஓடும் கீசரில் ஒரு கோளாறு, இன்னொரு ஃபேஸில் ஓடும் ஏ.சி.யில் ஒரு கோளாறு என்றால், இரண்டு ஃபேஸும் பச்சை ஒயர் வழியாகவே சந்தித்துக்கொள்ளும். அங்கே மண்ணுக்கு வேலையே இல்லை. ஆயிரம் ஆம்பியர் பாய்ந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

கணக்கைச் சுவரிலேயே பென்சிலால் போட்டுக் காட்டினேன் (பெயிண்ட் அடிக்கத்தானே போகிறார்கள்). ஆம்பியரை, நொடியின் வர்க்கமூலத்தால் பெருக்கி 115-ஆல் வகுக்க வேண்டும். மற்ற ஒயர்களோடு ஒரே பைப்பில் ஓடும் பி.வி.சி. உறைச் செம்புக்கு அந்த எண். 1000 ஆம்பியர், 0.1 நொடியில் டிரிப் என்றால் 2.75 ஸ்கொயர். 0.4 நொடி இழுத்தால் 5.5. ஒரு ஸ்கொயர் பச்சை எந்தக் கணக்கிலும் வரவில்லை.

அந்த 46 ஆம்பியரில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. 16 ஆம்பியர் சி டைப் எம்.சி.பி. உடனே விழ வேண்டுமானால் 80-லிருந்து 160 ஆம்பியர் வேண்டும். 46-க்கு அது சூடேறிப் பல நொடிகள் கழித்துத்தான் விழும். அதுவரை கீசர் உடம்பு முழுக்கக் கரண்ட். ஒயரை எவ்வளவு தடிமனாக்கினாலும் இது மாறாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே தட்டிவிடும் ஆர்.சி.சி.பி. இருந்தால்தான் மாறும். டி.பி.யில் அதற்கான இடம் காலியாக இருந்தது. "அது செலவுன்னு விட்டுட்டோம்" என்றாள் அக்கா, டீயோடு வந்தவள். ஆர்.சி.சி.பி. போட்டால் முதல் கோளாறிலேயே தட்டிவிடுமே, பிறகு தடிமன் எதற்கு என்று தம்பி விடவில்லை. அது மக்கர் பண்ணுகிற நாளுக்கும் சேர்த்துத்தான் ஒயர் போடுகிறோம் என்றேன்.

குளியலறையில் அதிக வேலையில்லை. குழாயெல்லாம் சி.பி.வி.சி.; பிளாஸ்டிக்கை எர்த்தோடு பிணைக்க என்ன இருக்கிறது? போர்வெல்லிலிருந்து உள்ளே வரும் ஜி.ஐ. குழாய் மட்டும் இரும்பு. அதை மெயின் எர்த் கட்டையோடு பிணைக்க வேண்டும். மெயின் எர்த்தில் பாதி, ஆனால் 6 ஸ்கொயருக்குக் குறையாமல் என்பது விதி. பத்தில் பாதி ஐந்து, ஆகவே 6. அங்கே பெயிண்ட் மேலேயே கிளாம்ப் போட்டிருந்தார்கள். சுரண்டி, இரும்பு பளபளத்த பிறகு மாட்டச் சொன்னேன்.

சாயங்காலத்துக்குள் தம்பி பச்சை ஒயரையெல்லாம் உருவி எடுத்துவிட்டார். ஃபேஸுக்கு எத்தனையோ அத்தனையே எர்த்தும் என்று புதுக் காயில்கள் வந்தன, ஆர்.சி.சி.பி.யும் வந்தது. உங்கள் வீட்டிலும் வயரிங் நடக்கிறதென்றால், டி.பி.யை மூடுவதற்குள் ஒருமுறை பச்சை ஒயரின் உறையில் உள்ள எண்ணைப் படித்துவிடுங்கள்.