பூக்காரம்மாவின் இடது கை

திங்கள்

பூக்காரம்மாவுக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. நடை ஓரளவு வந்திருக்கிறது, கை வரவில்லை. மருமகள் அந்தக் கையைப் பிடித்து இழுத்தே அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பினார். பதறிப்போய்த் தடுத்தேன். தோள் தசைகள் தளர்ந்திருக்கும்போது இழுத்தால் மூட்டு நழுவும். வலி கண்டுவிட்டால் பிறகு கையைத் தொடவே விடமாட்டார்கள். இதை வார்டில் எத்தனை தரம் சொன்னாலும் தகும்.

ஜாக்கெட் போடப் பழக்கினேன். போடும்போது வராத கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். மருமகளுக்குப் பொறுக்கவில்லை. "நீங்க தள்ளி நில்லுங்கக்கா, அவங்களே போட்டுக்கட்டும்" என்றேன். போட்டுக்கொண்டார். கொக்கிதான் மாட்ட வரவில்லை. வெல்க்ரோ தைக்கச் சொல்ல வேண்டும்.

புதன்

பலகைத் துளைகளில் மரக்குச்சி செருகும் பயிற்சி. "இதை வச்சு நான் என்ன கண்ணு பண்ணப்போறேன்? எனக்குப் பூக் கட்ட வரணும்" என்றார் அம்மா.

பூக் கட்டுவதில் இடது கைக்கு என்னென்ன வேலை என்று கேட்டேன். காம்புகளைச் சேர்த்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடிக்க வேண்டும். முடிச்சு இறுகும்வரை விடக்கூடாது. இறுகியதும் விட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும். நாரைச் சுற்றி இழுப்பது வலது கை. போதும், சிகிச்சைத் திட்டத்தை அவரே சொல்லிவிட்டார். மல்லிகை இப்போதைக்கு வேண்டாம், காம்புள்ள சாமந்தி. நூலுக்குப் பதில் நனைத்த வாழைநார்.

"இதெல்லாம் சிகிச்சையா மேடம்?" என்றாள் பயிற்சி மாணவி. இதுதான் சிகிச்சை. கமலா நிம்ப்கர் 1950-ல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் நாட்டின் முதல் ஆக்குபேஷனல் தெரபி பள்ளியைத் தொடங்கியது, மனிதர்கள் தங்கள் வேலைக்குத் திரும்புவதற்காகத்தான். குச்சியும் பலகையும் அதற்கு வழி மட்டுமே.

வெள்ளி

சாமந்தியைப் பிடித்துவிட்டார்! ஆனால் விட முடியவில்லை. பக்கவாதத்தில் பிடிப்பு முந்தி வரும், விடுவது பிந்தி வரும். விரல்களைப் பிரித்து இழுக்கப் போன மருமகளை நிறுத்தி, மணிக்கட்டை மெதுவாகக் கீழே மடக்கிக் காட்டினேன். விரல்கள் தாமாகத் தளர்ந்தன. அடுத்த பூவுக்கு அம்மாவே வலது கையால் அதைச் செய்துகொண்டார். அரை முழம்கூடத் தேறவில்லை, கட்டும் தளர்வு. இருந்தும் எனக்குத் தாங்காத சந்தோஷம்.

"முழுசா சரியாயிடுமா?" என்று மகன் கேட்டார். அப்படி வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் கடைக்குத் திரும்ப வழி பார்க்கலாம். சந்தைக் கடையில் அம்மா தரையில்தான் உட்காருவாராம், எழுந்திருப்பது பெரும்பாடு. உட்காரப் பலகை எவ்வளவு உயரம் வேண்டும், பூக்கூடை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். திங்களன்று சந்தைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.