பல்லுக்குத் தோல் உண்டோ?

ஆங்கிலம் பயிலும் நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் மரபுத்தொடர்களுள் உடலுறுப்புகளைக் கொண்டு அமைந்தவை ஏராளம். அவற்றுள் பல திருமறையிலிருந்து வந்தவை என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. கைகழுவுதலைப் பற்றி நாம் விளக்க வேண்டியதில்லை. பிலாத்துவை அனைவரும் அறிவோம்.

அருமையாகப் பேணப்படும் ஒருவரை ஆங்கிலேயர் ‘கண்ணின் ஆப்பிள்’ என்பர். கருவிழியின் நடுவே இருப்பது ஓர் உருண்டை என்று எண்ணி, முற்காலத்தில் அதற்கு அவர்கள் இட்ட பெயர் அது. உபாகமம் 32-ஆம் அதிகாரத்தின் எபிரேய மூலத்திலோ ஆப்பிள் இல்லை. கண்ணுள் தெரியும் சிறு மனிதன் என்னும் பொருள்படும் சொல்லே உள்ளது. இலத்தீனில் அது சிறு பெண், பொம்மை. தமிழிலும் பாவை என்றால் பொம்மையும் ஆம், கண்மணியும் ஆம்! இங்கு ஆங்கிலத்தைவிட நம் மொழியே மூலத்திற்கு நெருங்கி நிற்கிறது.

‘பற்களின் தோலால் தப்பினான்’ என்ற தொடரே நம்மைப் பெரிதும் சிந்திக்க வைத்தது. 35 மதிப்பெண் பெற்றுத் தேறியவனும், ஓடிப்போய்ப் பேருந்தைப் பிடித்தவனும் இன்று இதனை விளையாட்டாகச் சொல்கின்றனர். ஆனால் இது யோபு ஆகமம் 19-ஆம் அதிகாரத்தில், மக்களையும் உடைமையையும் இழந்து, எலும்பும் தோலுமாய் நலிந்த ஒரு மனிதனின் ஓலம். 1560-இல் வெளியான ஜெனீவா விவிலியமும், பின்னர் 1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பதிப்பும் எபிரேயத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தமையால் ஆங்கில வழக்கில் நிலைத்தது. பல்லுக்குத் தோல் ஏது? அறிஞர்கள் இன்றும் ஒருமுடிவுக்கு வரவில்லை. புனித எரோணிமுஸ் தம் இலத்தீன் பெயர்ப்பில், பற்களைச் சுற்றி உதடுகள் மட்டுமே எஞ்சின என்று எழுதினார்.

எம் அன்னையார் நோயுற்றுக் கிடந்த இறுதி வாரங்களில், கன்னங்கள் ஒட்டி, வறண்ட உதடுகள் பற்களோடு ஒட்டியிருக்கக் கண்டோம். ஈரப்பஞ்சால் அவற்றை நனைத்த எமக்கு, எரோணிமுஸ் நேரில் பார்த்தே எழுதினார் என்று தோன்றுகிறது. பார்க்க வந்தோருள் சிலர், இத்துன்பம் எதற்காக வந்தது என்று கட்டிலருகே அமர்ந்தே காரணம் கூறினர். யோபுவின் நண்பர்களும் அதையே செய்தனர். அடுத்த வசனத்தில் அவர் அவர்களிடம் விளக்கம் கேட்கவில்லை. இரங்குங்கள் என்கிறார், இருமுறை.