நோட்டோவின் கும்முட்டி அடுப்பு

ஜப்பான் தேசப்படத்தில், பெரிய தீவின் மேற்குக் கரையிலிருந்து கட்டைவிரல் போல் ஒரு நிலம் கடலுக்குள் நீண்டிருப்பதைக் காணலாம். அதுவே நோட்டோ தீபகற்பம். அதன் நுனியில் இருக்கும் ஊருக்கு ஸுஸு என்று பெயர். டோக்கியோவிலிருந்து சுமார் இரண்டரை மணி நேரத்தில் கானஸவா நகரத்தில் கொண்டு சேர்க்கும் அதிவேக ரயில் ஸுஸுவை எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே சென்றுகொண்டிருந்த சிறு ரயில் பாதையையும் 2005-ம் வருஷத்தில் மூடிவிட்டார்கள். கானஸவாவில் உத்தியோகம் பார்க்கும் என் பழைய மாணாக்கன் ஒருவனைத் துபாஷியாக அழைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.

"ஒரு அடுப்பைப் பார்க்கவா ஸார் இவ்வளவு தூரம்?" என்றான் அவன். ஆம், அடுப்பைப் பார்க்கத்தான்.

நம் பாட்டிமார்கள் கூடத்துக்கும் முற்றத்துக்கும் தூக்கிக்கொண்டு போன கும்முட்டி அடுப்பை நேயர்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு ஜப்பானில் ஓர் ஒன்றுவிட்ட சகோதரன் உண்டு. அவன் பெயர் ஷிச்சிரின். மேலே இரும்பு வலை, நடுவில் கரி, கீழே காற்றுப் புகச் சிறு கதவு, இவ்வளவுதான் அங்கங்கள். 'ரின்' என்பது பழைய சில்லறைக் காசு. ஏழு ரின்னுக்குக் கரி வாங்கினால் போதும் என்பதால் இப்பெயர் ஏற்பட்டதாகச் சொல்லுகிறார்கள். வேறு வியாக்கியானங்களும் இருக்கின்றன. எனக்கு இதுவே பிடித்திருக்கிறது.

ஸுஸுவின் அடுப்புக்கு விசேஷம் அதன் மண். ஒரு கோடி வருஷங்களுக்கும் முன்னால், டயட்டம் என்னும் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் மடிந்து மடிந்து கடலடியில் படிந்தன. அந்தப் படிவுதான் இன்று இங்கே நிலமாக நிற்கிறது. ஒவ்வோர் அணுவிலும் நுண்ணிய துவாரங்கள் இருப்பதால் உஷ்ணம் எளிதில் வெளியே கசிவதில்லை. மற்ற இடங்களில் இம்மண்ணைப் பொடித்து அச்சில் வார்ப்பதுண்டு. இங்கேயோ, சுரங்கத்துக்குள் சென்று, நீண்ட உளியால் கட்டியாகவே அறுத்தெடுத்து, கையால் குடைந்து, சூளையில் சுட்டு, பித்தளைப் பட்டை பூட்டுகிறார்கள். பொடிக்காததால் துவாரங்கள் சிதையாமல் இருக்கின்றன. உள்ளே நெருப்பு செக்கச் செவேலென்று கனிந்திருக்கும்போதும் வெளிப்புறத்தில் சற்று நேரம் கை வைக்க முடிகிறது.

நாங்கள் தங்கிய வீட்டுக் கிழவி அன்று மாலை அதைத் திண்ணையோரம் கொண்டுவந்து வைத்தாள். கரி பற்றியதும் கீழ்க்கதவை விரல் அளவு மூடினாள். சுவாலை அடங்கித் தணல் மட்டும் நின்றது. மீன் உண்ணாத எனக்காகக் கத்தரிக்காயும், காளானும், அரிசி மாவுப் பணியாரமும் வலைமேல் ஏறின. தொட்டுக்கொள்ள, அந்தக் கடற்கரையிலேயே உப்புநீரை மணலில் இறைத்துக் காய வைத்து எடுக்கும் உப்பு. (உப்பு என்றதும் 1930-ன் வேதாரண்யம் நினைவுக்கு வராமல் இருக்குமா?) காளானிலிருந்து சுரந்த ஒரு துளி நீர் தணலில் விழுந்து சீறியபோது எழுந்த மணத்தை வர்ணிக்க எனக்குச் சக்தியில்லை.

எல்லாம் முடிந்ததும் அவள் தண்ணீர் ஊற்றவில்லை. இம்மண் நீரை உறிஞ்சும். சூட்டில் தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். தணலை இடுக்கியால் எடுத்து மூடியுள்ள ஜாடிக்குள் போட்டாள். காற்றில்லாமல் அணைந்த கரி மறுநாளைக்கு ஆகும். ஜன்னல் சாத்திய அறைக்குள் இதை ஒருபோதும் மூட்டலாகாது என்றும், கரிப்புகையின் விஷம் வாசனை காட்டாமல் உயிரைக் கொண்டுபோய்விடும் என்றும் இரண்டு தடவை சொன்னாள்.

2024 ஜனவரி 1-ந் தேதி, வருஷப் பிறப்பன்று மாலை, 7.6 அளவுள்ள பூகம்பம் இந்த ஊரைக் குலுக்கியது. முந்தின வருஷம் மே மாதத்திலேயே ஒன்று வந்திருந்தது. அந்த நாட்களில் மின்சாரம் இல்லை. குழாய்த் தண்ணீரோ பல மாதம் வரவில்லை. "வாசலில் இதை வைத்துத்தான் நாலு வீட்டுக்கும் கஞ்சி காய்ச்சினேன்" என்று கிழவி அடுப்பைத் தட்டிக் காட்டினாள்.

மறுநாள் மித்ஸுகே தீவைப் பார்க்கப் போனோம். கரைக்கு அருகே, யுத்தக் கப்பலின் முகப்பைப் போல் நிமிர்ந்து நின்ற பாறை அது. படங்களில் பார்த்திருந்த கம்பீரம் இப்போது இல்லை. பூகம்பத்தில் பக்கங்கள் சரிந்து, அடியில் வெளிறிய மண் குவிந்து கிடந்தது. அதுவும் அதே டயட்டம் மண்தான். அடுப்பை இலேசாக்கும் குணமே அந்தத் தீவைப் பலவீனமாக்கியும் விட்டது.

சூளைகளும் தப்பவில்லை. நாங்கள் கண்ட பட்டறையில் சூளையின் பாதி இடிந்து கிடந்தது. பூகம்பத்துக்கு முன்பே 15,000-க்கும் குறைவாகக் குன்றியிருந்த ஊர் இது. வாலிபர்கள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். பட்டறைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சுடாத அடுப்புகள் ஈரச் சந்தன நிறத்தில் சுவரோரம் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். பூசணிக்காயின் கனம்கூட இல்லை.

சூளையை மறுபடி எப்போது மூட்டுவீர்கள் என்று கேட்கச் சொன்னேன்.

"செங்கல் வந்து சேரட்டும்" என்றார் அவர். பிறகு உளியை எடுத்துக்கொண்டு, அடுத்த கட்டியைக் குடைய உட்கார்ந்துவிட்டார்.